எதிர்க்கடைக் குரல்

கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தால் வரும் கடைத்தெருவில், கிழக்குப் பக்கத்து வரிசையில் எங்கள் எவர்சில்வர் பாத்திரக்கடை. எண்பதுகளின் தொடக்கம் அது. வாசலில் குடங்களைக் கோபுரம் போல அடுக்கி வைத்திருந்தார். ஒரு குடத்தில் என் முகத்தைப் பார்க்கலாமென்று குனிந்தேன். என் முகத்துக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பாத்திரக்கடை வளைந்து தெரிந்தது. அதன் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த குடத்திலும் அவர் நின்றார். அதற்கடுத்ததிலும் நின்றார்.

"அவருதான் எதிர்க்கடை அண்ணன்" என்றார் என் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

நாங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாடகைக் கடை, ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. எதிர்க்கடை அண்ணனோ ஊரோடு பிறந்தவர். அவர் அப்பா காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்த நிலமாம். மனை போட்டு விற்ற பிறகு மிஞ்சிய இடத்தில் சொந்தமாகக் கட்டிடம் கட்டி, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்தார். தெருவில் போகிற பாதிப்பேர் அவருக்கு ஏதாவதொரு வகையில் சொந்தம். சொந்தமில்லாதவர்களையும் இரண்டாம் தடவை பார்க்கும்போது சொந்தமாக்கிவிடுவார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் இருப்பார். யார் வீட்டுச் சாவானாலும் தோள் கொடுப்பார். என் கணவர் கூச்ச சுபாவம் உள்ளவர். வந்தவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்பார், கேட்டதை எடுத்துக் காட்டுவார். அவருக்கு வியாபாரம் என்றால் அவ்வளவுதான்.

எங்களுக்குப் பெரிய எதிரி வெயில். கல்யாணப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் சாயங்காலந்தான் வருவார்கள். எங்கள் கடை மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்குமேல் வெயில் நேராக உள்ளே விழுந்து, அண்டாவும் தாம்பாளமும் கண்ணைக் கூசும்படி எரியும். பெண்கள் முந்தானையை நெற்றியில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்து, அப்படியே திரும்பி நிழலுக்குப் போவார்கள். நிழல் எதிர்ப்பக்கம் இருந்தது. கெட்டித்துணியில் பெரிய திரை தைத்துக் கட்டினோம். கட்டினால் கடை மூடிக்கிடப்பதுபோல் இருந்தது. அவிழ்த்துவிட்டோம்.

அப்புறம் பஸ் ஸ்டாப். படப்பையிலிருந்து வருகிற பஸ் முன்பெல்லாம் தெருமுனையில் நிற்கும். அங்கிருந்து நடந்து வந்தால் இரண்டு கடையும் ஒன்றுபோலத் தெரியும். எதிர்க்கடை அண்ணன் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரானார். சில மாதங்களில் பஸ் அவர் கடை வாசலில் நிற்க ஆரம்பித்தது. கல்யாண வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு காலை அவர் கடைப் படியில்தான் வைக்க வேண்டும்.

"நியாயமா கேட்டா மாத்திக் குடுப்பாங்க" என்றார் என் கணவர்.

"யாருகிட்ட கேப்பீங்க?" என்றேன்.

"சங்கத்துலதான்."

சொல்லிவிட்டு அவரே எதிர்க்கடையைப் பார்த்தார்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானும் மத்தியானத்திலிருந்து கடையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கடை சாத்துகிற நேரம் வந்தால் என் கணவர் எதிர்க்கடையைப் பார்ப்பார். அங்கே விளக்கு எரிந்தால் இங்கேயும் எரியும். தெருவில் ஆளே இருக்காது. மருந்துக்கடை, துணிக்கடை எல்லாம் ஷட்டரை இறக்கியிருக்கும். இரண்டு பாத்திரக்கடைகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வெளிச்சமாக நிற்கும்.

"சாத்திட்டுப் போலாங்க. பொண்ணு பக்கத்து வீட்டுல தூங்கிடும்."

"அவரு சாத்தட்டும்."

அவர் எப்போது சாத்துவார் என்று எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு நாளும் கால் கடுத்து, அலுத்துப்போய் நாங்கள்தான் முதலில் இறக்குவோம். ரயிலுக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தால் அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு அவர் கடை வாசலுக்குமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர் வந்தது. பக்கத்துச் சந்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாய்தான் கட்டிக்கொடுத்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, பள்ளிவாசல் விசேஷம் எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறவர். எதிர்க்கடை அண்ணனின் குரலைக் கேசட்டில் பதிந்து கொடுத்ததும் அவர்தான். தினம் சாயங்காலம் அது பாட ஆரம்பிக்கும். பாட்டில்லை, கூப்பாடும் இல்லை, வாசலில் நின்று பேசுகிற மாதிரியே இருக்கும்.

"வாங்கக்கா, வாங்க. வாங்கண்ணா. இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? வெயில்ல நிக்காதீங்க. நம்ம வூடு மாரி நெனச்சிக்கினு உள்ள வாங்க. பொண்ணுக்குக் கல்யாணமா? அண்ணன் நான் கீறேன், நீ ஏன் கவலப்படுற?"

நல்ல குரல். கொஞ்சம் கரகரப்பு, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. "வெயில்ல நிக்காதீங்க" என்ற இடத்தில் அந்தச் சிரிப்பு வரும். அது எங்களைப் பார்த்துச் சிரிப்பதாக என் கணவர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வருஷம் சங்கத் தேர்தல் வந்தபோது, யாரும் எதிர்பார்க்காமல் என் கணவர் தலைவர் பதவிக்குப் பெயர் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பை நடுவில் மாற்றுவேன் என்பது மட்டும்தான் அவருடைய வாக்குறுதி. கடைகடையாகப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டுக் கேட்டார். எதிர்க்கடை அண்ணனிடமும் போய்க் கேட்டார். அவர் என் கணவரின் தோளில் கை போட்டு, "நில்லு தம்பி, போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் களை கட்டும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், ஒரு காலை வேளையில், கடையைத் திறந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க்கடை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பதுகூட ஆகவில்லை.

தெரு முழுக்கக் கடையடைப்பு. என் கணவர் மயானம்வரை பாடைக்குத் தோள் கொடுத்துப் போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு, வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதார். கல்யாணமானதிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஓட்டுச்சீட்டில் இரண்டு பெயரும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. சங்கத்தின் பெரியவர் மரக்கடைக்காரர். அவர் எங்கள் கடைக்கு வந்தார்.

"செத்தவரு பேர பேனாவால அடிச்சா நல்லா இருக்காது சார். அப்படியே இருக்கட்டும். சும்மா ஒரு மரியாதைக்கி."

"இருக்கட்டும்" என்றார் என் கணவர்.

"நீங்களும் இந்தத் தடவ வேணாம்னு ஒதுங்கிக்கினா, ஒரு மரியாதையா இருக்கும்."

 மரக்கடைக்காரர் போன பிறகு என் கணவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவரு இருக்கும்போது பயப்படல. இப்ப ஒதுங்கினா, இல்லாத ஆளுக்குப் பயந்த மாதிரி ஆயிடும்."

தள்ளிவைத்த தேர்தல், கருமாதிக்கு அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடை என் பெயரிலும் இருந்ததால் எனக்கும் ஓட்டு இருந்தது. மேசைமேல் ஓட்டுப்பெட்டிக்குப் பதிலாக ஒரு பெரிய எவர்சில்வர் டிரம், மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். எதிர்க்கடையிலிருந்து வந்த டிரம். முன்வரிசையில் எதிர்க்கடை அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டில்லாமல் அவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

மரக்கடைக்காரர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பிரித்து, சத்தமாகப் படித்தார். செத்தவர் பெயர். மறுபடி அதே பெயர். மறுபடியும். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, யாரையோ வாசலிலிருந்து கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் பின்வரிசையில் இருந்த சிலர் நிஜமாகவே திரும்பி வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெயிலில் செருப்புகள் கிடந்தன, வேறொன்றுமில்லை.

என் கணவர் பெயரும் இடையிடையே வந்தது. ஆனால் செத்தவர்தான் ஜெயித்தார். பாதிக்குப் பாதி என்றில்லை, பெரிய வித்தியாசத்தில். போன தடவை உயிரோடு நின்றபோதுகூட அவருக்கு இவ்வளவு ஓட்டு விழுந்ததில்லை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

இரண்டாவதாக வந்தவர் துணைத்தலைவர் என்பது சங்கத்தின் விதி. அதனால் அடுத்த கூட்டத்திலிருந்து என் கணவர் மேடையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைவர் நாற்காலி. அதில் மாலை போட்ட போட்டோ. தலைவருக்கு வைக்கிற டீயையும் அதன் முன்னால் வைப்பார்கள். டீ ஆறி ஆடை கட்டும்வரை கூட்டம் நடக்கும். பஸ் ஸ்டாப் விஷயத்தை என் கணவர் எடுத்தார். உடனே ஒருவர் எழுந்தார்.

"அண்ணன் இருந்தா இத ஒத்துக்குவாரா?"

எல்லோரும் போட்டோவைப் பார்த்தார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சாக்கடைக்கு மூடி போடுவது, குப்பைவண்டி வருகிற நேரத்தை மாற்றுவது என்று அவர் எதை எடுத்தாலும் அந்த ஒரு கேள்வி வரும். உயிரோடு இருக்கிற ஆளாக இருந்தால் வாதாடலாம், விட்டுக்கொடுக்கச் சொல்லலாம், ஒருவேளை அவரே மனசு மாறலாம். போட்டோ எதற்கும் மாறவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எதிர்க்கடை அன்றுதான் திறந்திருந்தது. நான் ஒரு டிபன் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரம் வந்தது.

"வாங்கக்கா, வாங்க. வாங்கண்ணா."

தெரு அப்படியே நின்றது. பூக்காரம்மா முழம் போட்ட கையோடு நின்றாள். சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றிவிட்டார். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்று குரல் கேட்டது. நிஜமாகவே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அப்புறம் அந்தச் சின்னச் சிரிப்பு. என் கையிலிருந்த கேரியர் நழுவி விழுந்தது.

முதல் வாரம் சிலர் அந்தக் கடைப்பக்கம் போகப் பயந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பழக்கம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. குரல் வரும்போது வயசானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாலிக்கு நாள் குறித்த கையோடு, "அண்ணன் கூப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு அங்கேதான் பாத்திரம் வாங்கினார்கள். திருநீர்மலையில் கல்யாணம் வைத்தவர்கள் மலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி அந்தக் கடை வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். படப்பைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அவர் இறந்த விஷயமே தெரியாது. குரலைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய், "அண்ணன் எங்க?" என்று கேட்பார்கள். அவர் மனைவி பில் எழுதுவதை நிறுத்தாமல், "உள்ள கீறாரு" என்பார்.

எங்கள் கடைக்கு ஆட்கள் வருவது சுத்தமாகக் குறைந்துபோனது. என் கணவர் ஸ்டூலைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். எதிரே குரல் "வாங்கண்ணா" என்றது. இவர் அடிக்குரலில், "வரலண்ணா" என்றார். "உள்ள வாங்க" என்றது. "வேலை இருக்குண்ணா" என்றார்.  சில நாள் கழித்து வீட்டில் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைப் பார்த்து "நம்ம வூடு மாரி நெனச்சிக்கினு" என்று சொல்லிச் சின்னதாகச் சிரித்தார். அவர் பேச்சு அப்படிக் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் 'வூடு' என்று சொன்னதில்லை. சமையலறையில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். மகள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் நான் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. உள்ளே குளுமையாக இருந்தது. அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கேசட்டை நிறுத்த முடியுமா? என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதிரி ஆயிடுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"உனக்கு ஒரு மாதிரி கீதுன்னா எனக்கு எப்பிடி கீதுன்னு நெனக்கிற? மொத நாளு போட்டப்ப நான் உள்ள விழுந்துட்டேன். தண்ணி தெளிச்சித்தான் எழுப்புனாங்க."

"அப்ப ஏன்க்கா போடுறீங்க?"

"எனக்கு இன்னா தெரியும், சொல்லு. பாத்திரம் எங்க வாங்குறது தெரியாது. யாராண்ட எப்பிடி பேசுறது தெரியாது. எல்லாம் அவரு பேசுவாரு. இப்பவும் அவருதான் பேசுறாரு, நான் பில்லு போடுறேன். அது நின்னுட்டா எங்கிட்ட யாரு வருவா?"

 நான் திரும்பும்போது அவர், "உன் கடையாண்டயாவது ஆளு கீறாரு" என்றார்.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. மழை விட்டு வானம் மஞ்சளாக இருந்த சாயங்காலம். எதிரே ஒரு பெரிய கல்யாணக் கூட்டம், கடை நிறையப் பெண்கள். கேசட்டில் பேச்சு முடிகிற நேரத்தில் யாராவது எழுந்து மறுபடி சுற்றிப் போடுவது வழக்கம். அன்று கூட்டத்தில் மறந்துவிட்டார்கள். வழக்கமான பேச்சு முடிந்தது. நாடா ஓடுகிற இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவர் பேசினார்.

கூப்பிடுகிற குரல் இல்லை. களைத்துப்போன குரல். தெருவில் யாரும் கேட்டறியாத குரல்.

"எதிர்க்கடையில இன்னும் வெளக்கு எரியுதா பாரு."

தெருவிலிருந்த அத்தனை பேரும் திரும்பி எங்கள் கடையைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் விளக்கைப் போட்டிருந்தேன்.

"எரியுது" என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். அவர் மனைவியின் குரல்.

"சாத்த மாட்டான். அவன் சாத்தாம நான் எப்பிடி சாத்துறது?" கொஞ்ச நேரம் இரைச்சல். "சாயங்காலத்துல அந்தக் கடைய பாத்தியா நீ? வெயில் பட்டா தங்கமா எரியுது. நம்மகிட்ட வர்றவங்க கண்ணெல்லாம் அங்கதான் கீது. நான் தொண்ட கிழிய கத்தினாத்தான் இந்தப் பக்கம் திரும்புறாங்க. ஒருநாளு கத்தலன்னா அவ்ளோதான், முடிஞ்சிது."

"உங்களுக்கு எப்பவும் அந்தக் கடை நெனப்புதான். வந்து சாப்புடுங்க."

"அவன் சாத்தட்டும்."

அதோடு நின்றது. இரைச்சலும் நின்றது. எதிர்க்கடைக்குள்ளிருந்து அவர் மனைவி வாசலுக்கு வந்து, ஸ்பீக்கருக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் குரலே மேலிருந்து வந்ததை அவரால் நம்ப முடியவில்லை போலிருந்தது. கல்யாணக் கூட்டத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

என் கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.  அடுக்கி வைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். நானும் எடுத்துக் கொடுத்தேன். விளக்கை அணைத்தார். ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். இன்னும் வெளிச்சம் போகாத நேரம், எல்லாக் கடையும் திறந்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்து, ஸ்பீக்கரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சாத்திட்டேண்ணா. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் ரயிலுக்கு நடந்தோம். வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் அவர் என் கையைப் பிடிக்கிற மனுஷரே இல்லை.

மறுநாள் சவுண்ட் சர்வீஸ் பாய் எங்கள் கடைக்கு வந்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

"என் தப்புதான் தங்கச்சி. ரெக்கார்டிங் அன்னிக்கி கட சாத்துற நேரத்துலதான் அண்ணன் ஃப்ரீ ஆனாரு. பேசி முடிச்சதும் நான் டீ குடிக்கப் போய்ட்டேன். மிஷின ஆஃப் பண்ணாம போய்ட்டேன் போல. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்திருக்கு. திரும்பிப் போட்டுப் பாக்காமயே குடுத்துட்டேன்."

காரணம் தெரிந்த பிறகு எனக்குப் பயம் தெளிய வேண்டும். தெளியவில்லை. அந்தக் கேசட் அத்தனை நாளும், அவர் உயிரோடு இருந்தபோதும் இறந்த பிறகும், தினம் சாயங்காலம் அந்த வார்த்தைகளுக்குக் கொஞ்சம் முன்னால்வரை வந்து வந்து நின்றிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடை அண்ணனின் மனைவி தெருவைக் கடந்து வந்தார். என் கணவர் எழுந்து நாற்காலியைப் போட்டார். நான் டீக்கடைப் பையனிடம் காபி கொண்டுவரச் சொன்னேன். வந்தவர் எங்கள் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ளாற வந்து பாத்தா சின்ன கடதான்" என்றார். "அங்கேருந்து பாத்தா எம்மாம் பெருசா தெரியும் தெரியுமா? அவரு பயந்துகினே இருந்தாரும்மா. பகையெல்லாம் இல்ல. உங்க ஊட்டுக்காரரு ஒரு வார்த்த பேசாம உக்காந்துகினு இருப்பாராம். 'பேசாமயே யாவாரம் பண்றான் பாரு, அவனுக்கு இன்னாமோ தைரியம் கீது'ன்னுவாரு."

என் கணவர் காபித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்குப் பேச வராதுக்கா. அதான்" என்றார்.

அதற்குப் பிறகு எதிரே குரல் கேட்கவில்லை. கேசட்டை அவர் மனைவி என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. இரண்டு கடையும் மற்றவர்களைப் போல ஒழுங்கான நேரத்தில் சாத்தினோம். சில நாள் அவர் ஷட்டரை இறக்க முடியாமல் நின்றால் என் கணவர் போய் இறக்கிக் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த தேர்தலில் ஒரு ஃபேன்சி ஸ்டோர்காரர் தலைவரானார், போட்டோ நாற்காலியிலிருந்து சுவருக்குப் போனது.

குரல் நின்றால் எங்களுக்கு வியாபாரம் வரும் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். வரவில்லை. எதிர்க்கடைக்கும் குறைந்தது. தேங்காய் உடைத்துவிட்டுப் போனவர்கள் தி.நகருக்குப் போனார்கள். மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கிவிடலாம், அங்கே ஏழெட்டு மாடியில் பாத்திரம் விற்றார்கள். அவர் மனைவி மேல்வீட்டை வைத்துக்கொண்டு கீழ்க்கடையை வாடகைக்கு விட்டார். அங்கே ஒரு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வந்தது. நாங்களும் தாம்பரம் கடையைக் காலி செய்து, படப்பையில் மெயின் ரோட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு கடை எடுத்தோம். பக்கத்தில் வேறு பாத்திரக்கடையே இல்லை. எதிரே முள்ளுச்செடி மண்டிய காலி மனை.

திறந்த புதிதில் ஒரு கிராமத்து அம்மாள் வந்தார். என் கணவர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் அந்த அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தாம்பரத்துல மைக்குல கூப்புடுவியே, அது நீதான?"

"இல்லம்மா. அவரு வேற."

"நீதான்யா. உன் குரலு எனக்குத் தெரியாதா? நீ செத்துட்டன்னு சொன்னாங்களே!"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டு சம்படம் வாங்கிக்கொண்டு போனார். என் கணவர் அன்று முழுக்க வந்தவர்களிடம் 'என்ன வேணும்' என்றுகூடக் கேட்காமல், அவர்கள் கை காட்டியதை எடுத்துக் கொடுத்தார்.

படப்பைக் கடை நன்றாகவே நடந்தது. அப்படியிருந்தும் சாப்பாடு குறைந்து அவர் இளைத்துக்கொண்டே போனார். ஆள் இல்லாத நேரத்தில் வாசலில் நின்று அந்தக் காலி மனையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டாக்டரிடம் காட்டினோம், ரத்தம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டு வருஷம் போல ஆனபின் ஒருநாள் அந்த மனையில் முள்ளை வெட்டிக் கடைக்கால் தோண்டினார்கள். என் கணவர் சாலையைக் கடந்து போய் மேஸ்திரியிடம் பேசிவிட்டு வந்தார்.

"கடைதான் கட்டுறாங்களாம்" என்றார்.

"என்ன கடை?"

"அது தெரியலயாம்."

அன்று மத்தியானம் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.